கிரயமா, குத்தகையா? காசு நம்முடையது, சாவி கம்பெனியிடம்!



"விலை கேட்டுப் போராடுற சங்கம், தண்ணி கேட்டுப் போராடுற சங்கம், இப்ப எதுக்குய்யா கம்ப்யூட்டர் கதை பேசுது?" என்று நம்மில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதிலையும் நேராகவே சொல்லிவிடுகிறோம்.

சொசைட்டியில் நம்ம நகைக்கடன் கணக்கு கம்ப்யூட்டரில் இருக்கிறது. பட்டா, சிட்டா கம்ப்யூட்டரில் இருக்கிறது. பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு, நெல் கொள்முதலுக்குப் பதிவு, எல்லாம் கம்ப்யூட்டரில். சட்டைப் பையில் இருக்கிற செல்போனும் ஒரு கம்ப்யூட்டர்தான். புதுசாக வருகிற பெரிய டிராக்டர் எஞ்சினுக்குள்ளேயே ஒரு சின்னக் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. இத்தனையையும் ஆட்டி வைக்கிற சாப்ட்வேர் என்கிற மென்பொருள் யாருக்குச் சொந்தம்? யார் வைத்தது சட்டம்? இது நம்ம பிழைப்பைத் தொடாத விஷயம் என்று இனிமேலும் ஒதுங்கி நிற்க முடியாது.

சந்தையில் பெரிய கையாக இருக்கிற மென்பொருள் கம்பெனிகள், லைசென்ஸ் என்ற ஒரே ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு போட்டிக்கு வருகிறவர்களை வாசலிலேயே மடக்குகின்றன. போட்டி செத்தால் விலையைச் சொல்வது ஒரே ஆள். விலையைச் சொல்வது ஒரே ஆளானால் விவசாயி கதி என்ன ஆகும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

லைசென்ஸ் என்றால் என்ன?

நிலத்தில் இரண்டு வழி உண்டு. கிரயம் கொடுத்து வாங்கினால் பத்திரம் நம்ம பேரில், பட்டா நம்ம பேரில். நெல் போடலாம், வாழை போடலாம், விற்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். குத்தகைக்குப் பிடித்தால் நிலம் அவருடையது, உழுகிற உரிமை மட்டும் நம்முடையது. இந்த வித்தியாசம் நம்ம ஊரில் பள்ளிக்கூடம் போகாதவருக்கும் தெரியும்.

மென்பொருளில் நடப்பது மூன்றாவது வகை. காசு வாங்கும்போது கிரயம், சட்டம் பேசும்போது குத்தகை! கம்ப்யூட்டரையோ செல்போனையோ முதல் தடவை திறக்கும்போது பக்கம் பக்கமாக இங்கிலீஷில் ஏதோ ஓடி, கடைசியில் 'சம்மதம்' என்று ஒரு இடத்தை அமுக்கச் சொல்கிறதே, அதுதான் குத்தகைச் சீட்டு. அதற்குப் பெயர்தான் லைசென்ஸ். அதைப் பிரித்துப் பார்க்காதே, மாற்றாதே, இன்னாரோடு சேர்க்காதே என்று நூறு நிபந்தனை அதில் இருக்கும். நமக்குக் கொடுக்கும் சீட்டு இப்படி. கம்ப்யூட்டர், செல்போன் தயாரிக்கிற கம்பெனிகளுக்குக் கொடுக்கும் சீட்டு இன்னும் கடுமை. போட்டியைக் கொல்கிற விஷம் அங்கேதான் இருக்கிறது.

ஒன்றை நினைத்துப் பாருங்கள். நிலக் குத்தகைக்கு 1955-ல் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1956-ல் நியாய வாரச் சட்டம் வந்தது. யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல. தஞ்சாவூர்ப் பக்கம் குத்தகை விவசாயிகளும் பண்ணையாட்களும் அடி வாங்கி, ஜெயிலுக்குப் போய்ப் போராடிய பிறகு வந்தவை. இவ்வளவுதான் வாரம் கேட்கலாம், நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது என்று மிராசுதாருக்கு வரப்புக் கட்டியது அந்தச் சட்டம். இந்தப் புதுக் குத்தகைக்கு வரப்பு எங்கே? இதுதான் நம் கேள்வி.

விதைப் பாக்கெட்டில் நாம் பார்த்த அதே வேலை

லைசென்ஸ் கட்டணம் நமக்குப் புதுசு இல்லை. பி.டி. பருத்தி விதைக்கு 2002-ல் மத்திய அரசு அனுமதி கொடுத்தது. மான்சான்டோவும் மகிகோவும் சேர்ந்து நடத்திய கம்பெனி, விதைக் கம்பெனிகளுக்கு அந்தத் தொழில்நுட்பத்தை லைசென்ஸில் கொடுத்தது. ஆரம்ப வருஷங்களில் 450 கிராம் பாக்கெட் 1,600 ரூபாய், 1,800 ரூபாய் என்று விற்றது. அதில் பெரும் பங்கு விதைக்கு இல்லை, லைசென்ஸ் கட்டணத்துக்கு! இத்தனைக்கும் முதலில் வந்த அந்த ரகத் தொழில்நுட்பத்துக்கு இந்தியாவில் காப்புரிமையே கிடையாது. வெறும் ஒப்பந்தக் காகிதத்தை வைத்தே வசூல் நடந்தது.

2006-ல் ஆந்திர அரசு ஏகபோகத் தடுப்பு ஆணையத்துக்குப் போனது. கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி ஆணையம் உத்தரவு போட்டது. பாக்கெட் விலை 750 ரூபாய்க்கு இறங்கியது. பிறகு 2015 டிசம்பரில் மத்திய அரசே பருத்தி விதை விலைக் கட்டுப்பாட்டு ஆணை கொண்டு வந்தது. 2016-ல் லைசென்ஸ் கட்டணம் பாக்கெட்டுக்கு 49 ரூபாய், 2020-ல் பூஜ்யம்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. "இந்த விலைக்குக் குறைஞ்சா கட்டுப்படியாகாது" என்று கம்பெனி சொல்வது வேதவாக்கு அல்ல. அரசு பிடித்தால் இறங்கும். பிடிக்காவிட்டால் ஏறிக்கொண்டே இருக்கும்.

போகாத மூட்டைக்கும் கமிஷன்!

இனி மென்பொருளுக்கு வருவோம். 1981-ல் அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனி பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதை இயக்குகிற டாஸ் என்ற மென்பொருளைக் கொடுத்தது மைக்ரோசாஃப்ட். அதையே மற்ற கம்பெனிகளுக்கும் லைசென்ஸ் கொடுக்கிற உரிமையை அது தன் கையில் வைத்துக்கொண்டது. கொஞ்ச வருஷத்தில் உலகத்தில் பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் அதில்தான் ஓடின.

1988-ல் டிஜிட்டல் ரிசர்ச் என்ற கம்பெனி டி.ஆர். டாஸ் என்ற சரக்கோடு போட்டிக்கு வந்தது. நியாயமாக என்ன நடக்க வேண்டும்? எது நன்றாக இருக்கிறதோ, எது விலை குறைவோ, அதைத் தயாரிப்பாளர் வாங்கிப் போட வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஒரு லைசென்ஸ் முறை வைத்திருந்தது. "நீ தயாரிச்சு அனுப்புற ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் எனக்குக் காசு கட்டு. அதுல என் டாஸைப் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி." இதுதான் அந்த முறை.

நம்ம பாஷையில் சொல்வதானால், ஒரு கமிஷன் மண்டிக்காரர் வருகிறார். "உங்க காட்டுல இருந்து வெளியே போற ஒவ்வொரு மூட்டைக்கும் எனக்குக் கமிஷன் வச்சிருங்க. என் மண்டிக்கு வந்தாலும் சரி, வேற மண்டிக்குப் போனாலும் சரி" என்கிறார். அப்புறம் எவன் இன்னொரு மண்டிக்குப் போவான்? போனால் இரண்டு இடத்திலும் கமிஷன் அழ வேண்டும். அடுத்த மண்டிக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எவ்வளவு குறைத்துக் கேட்டாலும், அவர் கடைப் பக்கம் மூட்டை திரும்பாது. யாரையும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. காகிதத்தில் ஒரு வரி, அவ்வளவுதான். போட்டி காலி.

1994 ஜூலையில் அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டது. இனி இந்த முறை கூடாது என்று மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தது. ஆனால் அதற்குள் டிஜிட்டல் ரிசர்ச் 1991-லேயே இன்னொரு கம்பெனிக்கு விற்கப்பட்டுவிட்டது. கடைசியில் அந்தச் சரக்கை வாங்கிய கால்டெரா என்ற கம்பெனி 1996-ல் நஷ்ட ஈடு கேட்டு வழக்குத் தொடுக்க, 2000 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. பணம் வந்தது. போட்டி திரும்பி வந்ததா? வரவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

இலவசத்தின் விலை

அடுத்தது இன்டர்நெட் காலம். நெட்ஸ்கேப் என்ற கம்பெனியின் உலாவி, அதாவது இணையத்தைப் பார்க்க உதவும் மென்பொருள், 1990களின் நடுவில் கொடிகட்டிப் பறந்தது. மைக்ரோசாஃப்ட் தன் சொந்த உலாவியான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை விண்டோஸோடு சேர்த்து இலவசமாகக் கொடுத்தது. அதோடு நிற்கவில்லை. விண்டோஸ் லைசென்ஸ் வாங்குகிற கம்ப்யூட்டர் கம்பெனிகள் அந்த உலாவியின் சின்னத்தை அழிக்கக் கூடாது, திரையில் முதலில் வருவதை மாற்றக் கூடாது என்று நிபந்தனை போட்டது.

1998 மே மாதம் அமெரிக்க அரசும் பல மாநில அரசுகளும் வழக்குத் தொடுத்தன. 2000-ல் நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் கம்பெனியை இரண்டாக உடைக்கச் சொல்லித் தீர்ப்பளித்தார். 2001 ஜூனில் மேல் நீதிமன்றம் உடைக்கும் உத்தரவை ரத்து செய்தது. ஆனால் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காப்பாற்றிக்கொண்டது உண்மை என்றும், அந்த லைசென்ஸ் நிபந்தனைகளில் பெரும்பாலானவை போட்டிக்கு விரோதமானவை என்றும் உறுதி செய்தது.

"இலவசமாத்தானே கொடுத்தாங்க, அதுல யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நஷ்டத்தைக் கேளுங்கள். நெட்ஸ்கேப்பை 1999-ல் இன்னொரு கம்பெனி விழுங்கிவிட்டது. மைக்ரோசாஃப்ட் உலாவியின் ஆறாவது பதிப்பு 2001-ல் வந்தது. ஏழாவது எப்போது வந்தது தெரியுமா? 2006-ல்! அதுவும் ஃபயர்ஃபாக்ஸ் என்று புதுப் போட்டி 2004-ல் தலைகாட்டிய பிறகு. எதிரி இருந்தவரை வருஷத்துக்கு ஒன்று என்று ஓடியவர்கள், எதிரி செத்ததும் ஐந்து வருஷம் படுத்துத் தூங்கினார்கள். போட்டி இல்லாத சந்தையில் நஷ்டம் விலையில் மட்டும் வராது. வர வேண்டிய நல்லது வராமலே போகும். அந்த நஷ்டத்துக்குப் பில் கிடையாது, ஆகவே யாருக்கும் தெரியாது.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். தன் விண்டோஸோடு மற்றவர்களின் மென்பொருள் எப்படிப் பேச வேண்டும் என்ற விவரத்தை மறைத்து வைத்ததற்காகவும், பாட்டுக் கேட்கிற மென்பொருளைச் சேர்த்துக் கட்டியதற்காகவும், 2004 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் 49.7 கோடி யூரோ அபராதம் போட்டது. 2007-ல் அங்குள்ள நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஒரே வாய்க்காலில் பத்துப் பேர் பாய வேண்டியிருக்க, மடைச் சாவியை ஒருத்தர் மடியில் கட்டிக்கொண்டால் என்ன ஆகுமோ, அதுதான் அங்கே நடந்தது.

நம் சட்டைப் பையில் இருக்கிற கதை

"அதெல்லாம் சீமையில நடந்தது" என்று விட முடியாது. நம் போன்களில் பெரும்பாலானவை கூகுளின் ஆண்ட்ராய்டில் ஓடுகின்றன. ஆண்ட்ராய்டு என்னவோ யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து விட்ட சரக்குதான். ஆனால் செயலிகளை இறக்குகிற பிளே ஸ்டோர் இல்லாமல் போன் விலை போகாது. அந்த பிளே ஸ்டோருக்குத்தான் லைசென்ஸ்.

உரக்கடையில் யூரியா கேட்டால், "இதையும் சேர்த்து வாங்கினாத்தான் யூரியா" என்று நமக்கு வேண்டாத இணைப்பொருளைத் தலையில் கட்டுகிறார்களே, அதே வேலைதான் இதுவும். பிளே ஸ்டோர் வேண்டுமா? கூகுள் தேடல், குரோம், யூடியூப் எல்லாவற்றையும் சேர்த்து, முன்னாலேயே போனில் ஏற்றிக் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்திருந்தார்கள். அப்போது இருந்த இன்னொரு நிபந்தனை அதைவிட மோசம். ஆண்ட்ராய்டை மாற்றி வேறு யாராவது செய்த வகையில் ஓடும் போனை நீ தயாரிக்கக் கூடாது. ஒரு கடையில் எங்கள் யூரியா விற்றால், உன் எந்தக் கடையிலும் வேறு யூரியா இருக்கக் கூடாது என்பது போல!

2018 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் இதற்காக 434 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2022 அக்டோபரில் நம்ம இந்தியப் போட்டி ஆணையமும் இதே மாதிரி ஒப்பந்தங்களுக்காக கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஆணையத்தின் சில உத்தரவுகளை நீக்கினாலும், அபராதத்தை அப்படியே உறுதி செய்தது. ஆக, பெரிய கம்பெனியின் லைசென்ஸ் போட்டியைக் கெடுக்கிறதா என்பது இனி விவாதமே இல்லை. மூன்று கண்டத்து அதிகாரிகள் விசாரித்து "ஆமாம்" என்று எழுதிவிட்ட விஷயம்.

டிராக்டருக்கும் வந்தாச்சு பூட்டு

அமெரிக்காவில் ஜான் டீர் கம்பெனி 2015-ல் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகத்துக்கு ஒரு விளக்கம் எழுதியது. டிராக்டர் விவசாயிக்குச் சொந்தம்தான். ஆனால் அதற்குள் ஓடுகிற மென்பொருளை, வண்டி உள்ளவரை ஓட்டிக்கொள்ள அவருக்கு லைசென்ஸ் மட்டும்தான் உண்டு என்பது அதன் சாரம். லட்சம் லட்சமாகக் கொட்டி வாங்கியவருக்கு இரும்பு கிரயம், மூளை குத்தகை!

பழுது என்றால் கோளாறைக் கண்டுபிடிக்கிற முழு மென்பொருளும் கம்பெனி டீலரிடம் மட்டும். அறுவடை நேரத்தில் வண்டி நின்றால், சொந்தமாக ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த விவசாயியும் டீலர் வருகிறவரை வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பூட்டை உடைக்க உக்ரைன் பக்கத்திலிருந்து திருட்டு மென்பொருளை அமெரிக்க விவசாயிகள் வாங்கிப் போட்டார்கள் என்று 2017-ல் பத்திரிகைச் செய்தியே வந்தது. விவசாயிகள் விடாமல் போராடினார்கள். 2023-ல் கொலராடோ மாநிலம் விவசாய இயந்திரங்களைப் பழுது பார்க்கும் உரிமைக்குத் தனிச் சட்டம் போட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையமே இரண்டு மாநிலங்களோடு சேர்ந்து ஜான் டீர் மீது வழக்குத் தொடுத்தது.

நம்ம ஊரில் பழைய டிராக்டர் நின்றால் மெக்கானிக் வரப்பிலேயே கழற்றி மாட்டிவிடுவார். ஆனால் 50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, மின்னணுக் கட்டுப்பாட்டு எஞ்சின்கள் நம் வயலுக்கும் வந்துவிட்டன. புகை குறைவது நல்லதுதான், அதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் அந்தச் சாக்கில் கோளாறு பார்க்கிற சாதனம் ஒரே கையில் முடங்கினால், ஊர் மெக்கானிக் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். பட்டறை பூட்டினால் ஷோரூம் சொன்னதுதான் கூலி.

எதிர்ப்பேச்சுக்குப் பதில்

"அறிவைச் செலவழிச்சு உண்டாக்கினவனுக்குக் காசு வேண்டாமா?" என்பார்கள். கட்டாயம் வேண்டும். உழைப்புக்குக் கூலி கேட்டுப் போராடுகிற நாம், அடுத்தவர் உழைப்புக்குக் கூலி கூடாது என்போமா? கட்டணம் வாங்கட்டும். ஆனால் அடுத்த கடையைத் திறக்க விடாதே என்று சொல்வது கூலி அல்ல, அடாவடி. டி.ஆர். டாஸ்காரரும் உழைத்தவர்தான். நெட்ஸ்கேப்காரரும் உழைத்தவர்தான். அவர்களின் கூலியைத் தடுத்தது யார்?

"ஏகபோகம் நிலைக்காது, தானா விழும். மைக்ரோசாஃப்ட் செல்போன்ல ஜெயிக்கலையே" என்றும் சொல்வார்கள். ஜெயிக்கவில்லை, உண்மைதான். ஆனால் அந்த இடத்தில் உட்கார்ந்தவர் அதே மாதிரி லைசென்ஸ் சீட்டை அல்லவா எழுதினார்! மிராசுதார் மாறினார், வாரம் மாறவில்லை.

"ஒரே மாதிரி இருந்தாத்தானே எல்லாருக்கும் சௌகரியம்" என்பது மூன்றாவது பேச்சு. ஒரே அளவுப் படி வேண்டும் என்பதில் நமக்கும் சம்மதம்தான். ஆனால் படியை அரசு முத்திரை போட்டுப் பொதுவாக வைக்க வேண்டும். வியாபாரி கையில் இருக்கிற படியை ஊர்ப் படி என்று ஒத்துக்கொள்ள முடியாது.

நம் வாசலில் இப்போது நடப்பது

2021 ஏப்ரலில் மத்திய விவசாய அமைச்சகம் மைக்ரோசாஃப்ட்டோடு ஒரு சோதனை ஒப்பந்தம் போட்டது. 6 மாநிலங்களில் 100 கிராமங்கள், விவசாயிகளின் விவரத்தை வைத்துச் சேவை உண்டாக்குவதற்கு என்றார்கள். தமிழ்நாடு அதில் இல்லை. விவசாய அமைப்புகளும் சமூக அமைப்புகளும் அப்போதே ஆட்சேபம் எழுப்பின. நம் நிலம், பயிர், கடன் விவரத்தை யாரைக் கேட்டு யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்பதே கேள்வி. 2025-ல் தமிழ்நாட்டிலும் முகாம் போட்டு, நில விவரத்தை இணைத்து, விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் பதிவு செய்தார்கள். இந்த எண்ணால் உதவி சீக்கிரம் வந்தால் சந்தோஷம். ஆனால் அந்தக் கணக்கு எந்தக் கம்பெனி லைசென்ஸுக்குள்ளும் சிக்கக் கூடாது.

2022 ஜூனில் நாடு முழுக்க 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கங்களைக் கம்ப்யூட்டர் மயமாக்க மத்திய அமைச்சரவை 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. தமிழ்நாட்டில் மட்டும் 4,000-க்கும் மேற்பட்ட சங்கங்கள் இருக்கின்றன. கணக்கு சுத்தமாக வந்தால் நகைக்கடன் மோசடி குறையும், வரவேற்கிறோம். ஆனால் நாளைக்கு மென்பொருளை மாற்ற வேண்டும் என்றால் பழைய கணக்கை முழுசாகப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போக முடியுமா? முடியாது என்றால் சொசைட்டி நம்முடையது, நோட்டுப் புத்தகம் கம்பெனியுடையது என்று ஆகிவிடும்.

இதற்கு மாற்று வழி இல்லாமல் இல்லை. யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற கட்டற்ற மென்பொருள் உலகம் முழுக்க இருக்கிறது. பக்கத்து கேரளாவில் அரசுப் பள்ளிகள் 2000களிலேயே அதற்கு மாறிவிட்டன. நம் தமிழ்நாட்டு அரசு நிறுவனமான எல்காட்டும் அதே காலத்தில் தன் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. அரசு வேலைக்குத் திறந்த மென்பொருளையே முதலில் பார்க்க வேண்டும் என்று 2015-ல் மத்திய அரசே கொள்கை அறிவித்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாது. அதை நடைமுறையில் கேட்க வேண்டியது நாம்தான்.

இன்னொரு ஓட்டையையும் அடைக்க வேண்டும். பி.டி. பருத்தி லைசென்ஸ் நிபந்தனைகளை விசாரிக்க 2016-ல் போட்டி ஆணையம் உத்தரவிட்டது. வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. விதைக் கம்பெனிகளும் மான்சான்டோவும் இடையில் சமரசமாகிவிட்டன. காப்புரிமை லைசென்ஸ் விஷயத்தைக் காப்புரிமைச் சட்டத்தின் கீழ்தான் பார்க்க வேண்டும், போட்டி ஆணையம் விசாரிக்க முடியாது என்று 2023 ஜூலையில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது, கூகுளைப் பிடித்த அதே கை, காப்புரிமை என்ற முத்திரை குத்திய லைசென்ஸைத் தொட முடியாது! நாளைக்கு டிராக்டர் மென்பொருளும் விதைத் தொழில்நுட்பமும் இந்தக் கூரைக்குக் கீழே ஒதுங்கினால் நாம் யாரிடம் போய் நிற்பது?

நம் கோரிக்கைகள்

1. விற்கும்போதே பில்லில் தமிழில் எழுத வேண்டும்: இது கிரயமா, குத்தகையா? லைசென்ஸ் நிபந்தனைகள் ஒரு பக்கத் தமிழில் கையில் வர வேண்டும்.

2. டிராக்டர், அறுவடை இயந்திரம், மோட்டார் ஸ்டார்ட்டர் எதுவானாலும் கோளாறு பார்க்கும் சாதனமும் உதிரி பாகமும் விவரப் புத்தகமும் ஊர் மெக்கானிக்குக்கு நியாய விலையில் கிடைக்கச் சட்டம் வேண்டும். 2022-ல் மத்திய அரசு பழுதுபார்ப்பு உரிமைக்குக் கமிட்டி போட்டபோது விவசாயக் கருவிகளையும் அதில் சேர்த்தது. கமிட்டியும் இணையப் பக்கமும் போதாது, விவசாயி கையில் பிடித்து வழக்காடுகிற சட்டம் வேண்டும்.

3. கூட்டுறவு சங்கம், கொள்முதல் நிலையம், அடையாள எண் ஆகியவற்றின் மென்பொருள் திறந்த மென்பொருளாக இருக்க வேண்டும். கணக்கு விவரம் எந்த மென்பொருளிலும் திறக்கிற பொது வடிவத்தில் இருக்க வேண்டும். விவசாயி சம்மதம் இல்லாமல் எந்தத் தனியார் கம்பெனிக்கும் போகக் கூடாது.

4. காப்புரிமை லைசென்ஸையும் போட்டி ஆணையம் விசாரிக்கும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும்.

5. ஏகபோக வழக்குகளை இழுத்தடிக்காமல் காலக்கெடு வைத்து முடிக்க வேண்டும். போட்டியாளர் செத்த பிறகு வருகிற அபராதம் கருமாதிச் செலவுக்குத்தான் ஆகும்.

நாம் செய்ய வேண்டியது

பெருமக்களே! அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இந்த ஐந்தையும் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறவரை இடத்தை விட்டு எழுந்திருக்காதீர்கள். கலெக்டர் ஆபீஸில் மாதந்தோறும் நடக்கிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். சொசைட்டிப் பேரவைக் கூட்டத்தில் எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த மென்பொருளை மாத்தணும்னா நம்ம கணக்கை எடுத்துக்கிட்டுப் போக முடியுமா?" செயலாளருக்குப் பதில் தெரியாவிட்டால், எழுத்தில் வாங்கித் தரச் சொல்லுங்கள். புது டிராக்டருக்கு முன்பணம் கட்டும் முன்னால், "வெளியில நம்ம மெக்கானிக் இதைத் தொடலாமா?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் டீலர் யோசிப்பார். ஆயிரம் பேர் கேட்டால் கம்பெனி யோசிக்கும்.

குத்தகைக்காரனுக்குச் சட்டம் வேண்டும் என்று முதலில் கேட்டவர்களையும் "நடக்கிற காரியமாய்யா இது?" என்றுதான் கேட்டார்கள். நடந்தது. கேட்டவர்கள் ஒதுங்கிப் போகாததால் நடந்தது.

காசு கொடுத்தது நாமானால், சாவியும் நம் கையில் வேண்டும்!

பூட்டுப் போடும் லைசென்ஸை எதிர்ப்போம்! உழவன் உரிமை காப்போம்!